அலை அடிக்கிற தீவாகப் பார்த்து

“ஒங்க ஊர்ல இல்லாத அலையா? அதுக்குப் போயி பிளேன் ஏறணுமா?”

சிதம்பரம் மேல வீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு பயண அலுவலகத்தில் ஒருவர் இதைக் கேட்டார். கேட்டது என்னைப் பற்றி. பார்த்தது என் கணவனை. நான் பக்கத்து நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்குத் தை மாதம் கல்யாணம் ஆகியிருந்தது. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். பரீட்சைக் காலத்தில் லீவு கிடைக்காது என்பதால் தேனிலவை மே மாத விடுமுறைக்குத் தள்ளி வைத்திருந்தோம். எங்கே போகலாம் என்று கணவன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அலை அடிக்கிற தீவாகப் பார்த்துப் போகலாம், அங்கே சர்ஃபிங் கற்றுக்கொள்ளலாம் என்றேன். பலகைமேல் எழுந்து நின்று அலையோடு கரைக்கு வருவது. ஒரே ஒரு தடவை நின்றால் போதும். வேறெந்த ஆசையும் இந்த அளவுக்கு என்னைப் பிடித்து வைத்ததில்லை. “சரி, நின்னுடலாம்” என்றான் அவன். அவன் குமராட்சிப் பக்கத்துக்காரன். கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்தவன், கடலைக் கண்டால் மட்டும் செருப்பைக் கழற்றாமல் கரையிலேயே நிற்பான். இருந்தாலும் சரி என்றான்.

இரண்டு வாரம் உட்கார்ந்து நான் பட்டியல் போட்டேன். எந்தத் தீவில் எந்த மாதம் அலை, எங்கே புதிதாகக் கற்பவர்களை இறக்குவார்கள், போய்ச் சேர எத்தனை நாள். அந்தமானில் நல்ல அலை உண்டு, ஆனால் அது அடிக்கிற சின்னத் தீவுக்குக் கப்பல் நாம் நினைக்கிற நாளில் கிடைக்குமா என்று தெரியவில்லை. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்க வேண்டும். பாலிக்குப் போய்வந்த எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஊஞ்சலில் ஆடுகிற படத்தைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. இணையத்தில் தேடினால் ஒன்று விடாமல் எல்லாத் தீவிலும் ஒரே காட்சி: ஆண்கள் பலகைமேல் நிற்கிறார்கள், பெண்கள் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். அதைப் பார்த்தே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது.

கடைசியில் இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடா என்ற இடத்துக்கு வந்து நின்றேன். அங்கே வருஷத்தின் நடு மாதங்களில்தான் அலை நன்றாக இருக்கும். மே மாதம் தொடங்கிவிடும். குடாவின் உள்பக்கத்தில் அலை சின்னதாக, நீளமாக வரும். புதியவர்களுக்கு ஏற்றது. பேச்சும் தமிழ். வழி கேட்க, சோறு கேட்க, பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வேறு மொழி தேவைப்படாது.

இதையெல்லாம் எழுதிய நோட்டைத்தான் அந்த ஆள் முன்னால் விரித்து வைத்தேன். அவர் நோட்டைத் தொடவே இல்லை. கணினித் திரையைக் கணவன் பக்கமாகத் திருப்பினார்.

“தீவுதான் வேணும்னா மாலத்தீவு போங்க சார். தண்ணி மேலயே ரூம். தாம்பாளத்துல ஊத்தி வெச்ச மாதிரி நிக்கும், ஒரு அலை வராது. கட்டில்மேல துண்டுலயே ரெண்டு அன்னம் செஞ்சு வெப்பாங்க.”

“எங்களுக்கு அன்னம் வேணாம்” என்றேன். “அலை வேணும்.”

அப்போதுதான் என் ஊர் எது என்று கேட்டார். தேவனாம்பட்டினம் என்றேன். கடலூரைத் தொட்டாற்போல இருக்கும் மீனவர் ஊர். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றால் படகு தெரியும். அதைக் கேட்டதும்தான் அந்தச் சிரிப்பும் அந்தக் கேள்வியும் வந்தன. உங்கள் ஊரில் இல்லாத அலையா?

“சிதம்பரத்துலயே இவ்ளோ பெரிய கோயில் இருக்கே, அப்பறம் ஏன் சார் ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் ஏறுறாங்க?” என்று கேட்டேன். “எங்க ஊர் அலை கரையிலயே மடங்கி விழுது. அதுல பலகை போட்டா பல்லு ஒடயும். எல்லா அலையும் ஒரே அலை இல்ல.”

அவர் கொஞ்சம் அடங்கினார். பிறகு மறுபடியும் என் கணவனைப் பார்த்து, “மேடம் நல்லா நீந்துவாங்களா சார்?” என்றார்.

கணவன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் சொன்னேன்: “எனக்கு நீச்சல் தெரியாது.”

அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நாங்களே பார்த்துப் பேசி, ஒரு வருஷம் இரண்டு வீட்டையும் கெஞ்சி நடத்திய கல்யாணம். அவனுக்கு என் செருப்பு அளவிலிருந்து என் சம்பளம் வரைக்கும் தெரியும். இது மட்டும் தெரியாது.

என் தப்புதான். அவன் வீட்டார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவன் தாய்மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “கடக்கரைப் பொண்ணு, மீனு கணக்கா நீந்தும். நம்ம பையந்தான் ஒடம்ப தேத்தணும்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வயல்காட்டுக்காரர்களுக்குக் கடற்கரைக் குழந்தை என்றால் பிறந்ததும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பு. எங்கள் வீட்டில் யாரும் அதை மறுக்கவில்லை. எனக்கும் அந்தப் பெருமையை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. சிரித்துவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனேன். பிறகு சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்று சொல்வேன். உண்மையில் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊரில் பெண் படகில் கால் வைக்கக் கூடாது. புதுப் படகு வந்தால் அதற்கு மஞ்சள் பூசுவதும் பொட்டு வைப்பதும் ஆரத்தி எடுப்பதும் நாங்கள். ஏறுவது ஆண்கள். விடியற்காலை படகு திரும்பும்போது கரையில் கூடையோடு நிற்பதும், ஏலம் எடுப்பதும், தலையில் சுமந்துபோய் விற்பதும் நாங்கள். கடலுக்குள் கணுக்காலுக்கு மேல் நனைந்தால் திட்டு விழும். என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் உடைந்த மீன்பெட்டியின் மூடிமேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு அலையோடு வழுக்கி வருவார்கள். கரையில் அவர்கள் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எட்டு வயதில் ஒரு தடவை அந்த மூடியைக் கேட்டதற்கு அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள். “பொம்பள எறங்குனா வலைக்கு மீனு வராதுடி” என்றாள். மீன் வராததற்குக் காரணம் கேட்டால் காற்று, நீரோட்டம், பெரிய விசைப்படகுகள் என்று ஆயிரம் சொல்லலாம். எங்கள் ஊரில் முதல் காரணம் என் போன்றவளின் கால்தான்.

சுனாமி வந்த காலையில் எனக்கு ஆறு வயது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாள். அத்தை ஓடவில்லை, காயப் போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் நீந்தத் தெரிந்த ஆண்களும் போனார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு ஒரு பனைமரத்துக்குப் போகிற தூரம் நீந்தத் தெரிந்திருந்தால் என்று யாராவது ஒரு ஆளாவது எங்கள் வீட்டில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளைக் கடல் பக்கமே விடக் கூடாது என்றுதான் முடிவு கட்டினார்கள். ஆண் பிள்ளைகளை அடுத்த மாதமே படகில் ஏற்றினார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன். படகுக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதியது நான். பட்டா மாற்ற மனு எழுதியது நான். அதற்கெல்லாம் ‘எங்க வீட்டு படிச்ச பொண்ணு’ என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். வகுப்பில் அலை எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். முகடு, அகடு, அலைநீளம். அந்த அலைக்குள் தலையை விட்டதுண்டா என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே தலைகுனிந்திருப்பேன்.

மேல வீதியிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போது கணவன் எனக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றான். அறுகம் குடாவுக்கே பதிவு செய்யச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். அதனால் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து மதிய இடைவேளையில் அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கணவன் போனை எடுக்கவில்லையாம்.

“மேடம், சார் சொன்ன மாதிரி மாத்தியாச்சு. மாலத்தீவு, தண்ணி மேல ரூம். சார்கிட்ட சொல்லிடுங்க.”

என் டிபன் டப்பாவில் பாதிச் சாப்பாடு இருந்தது. மூடிவிட்டேன்.

மாலை அவன் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். மாமியார் முன்னால் அவனை ‘வாங்க, போங்க’ என்பேன். எங்கள் வாடகை வீட்டில் ‘நீ’தான். அன்று ‘நீங்க’ போட்டேன். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“யாரக் கேட்டு மாத்துனீங்க?”

“எங்கம்மாவுக்குப் பயம். தாலி பிரிச்சுக் கோக்காம கடல்ல எறங்கக் கூடாதுங்கறாங்க.”

“தாலி பிரிச்சுக் கோக்கறது பங்குனியில. நம்ம போறது மே மாசம். அப்பறம்?”

“ஒங்கம்மாகிட்ட எங்கம்மா பேசினாங்க. அவுங்களும் வேணாம்னாங்க. ஒங்கண்ணன் எனக்குப் போன் பண்ணினாரு. ‘மச்சான், அவ பேச்சக் கேட்டு தண்ணியில எறக்கிடாதீங்க, ஒங்கள நம்பித்தான் குடுத்திருக்கோம்’னாரு.”

“நாலு பேர் பேசியிருக்கீங்க. அஞ்சாவதா அந்த டிராவல்ஸ்காரர். அலைமேல நிக்கப்போற ஆளு நானு. எங்கிட்ட பேச எவனுக்கும் நேரம் இல்ல.”

“நீ நீச்சல் தெரியாதுன்னு சொல்லவே இல்லையே!” அவன் குரலும் உயர்ந்தது. “நீந்தத் தெரியாத ஆள ஒரு பலகைமேல ஏத்தி நடுக்கடல்ல விட்டுட்டு நான் கரையில நின்னு போட்டோ எடுக்கவா? எனக்கு அன்னிக்கிலேர்ந்து தூக்கம் இல்ல.”

என் கோபத்தில் பாதி அந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றது. அவன் கேட்டது நியாயம். ஆனால் நியாயமான கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பதிலை மட்டும் எனக்காக வாங்கி வந்திருக்கிறான். அதைத்தான் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். கீழ் வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மறுநாள் அவர் சிரித்த சிரிப்பில் தெரிந்தது.

“இப்ப என்ன செய்யணுங்கற?” என்றான் கடைசியில்.

“தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்.”

அறுகம் குடாவில் சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கும் இடங்களில் ஒன்றின் எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண் என்பதற்காகவே எழுதி வைத்த எண். ‘வணக்கம் அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது. மே மாதம் வரலாமா?’ என்று அனுப்பினேன். சுற்றி வளைக்காமல் அந்த வார்த்தையை எழுதியதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. அதை ஒலிபெருக்கியில் போட்டு அவனையும் கேட்க வைத்தேன்.

“தங்கச்சி, நீந்தத் தெரியாட்டியும் பரவாயில்ல, வாங்க எண்டு சொல்ற ஆக்களும் இருக்காங்க. நான் சொல்ல மாட்டன். ரெண்டரை மாசம் கிடக்குத்தானே? மிதக்கப் பழகுங்க. தலை தண்ணிக்குள்ள போனா பதறாம மேல வரப் பழகுங்க. இருவத்தஞ்சு மீட்டர் நிக்காம நீந்திட்டு எனக்குச் சொல்லுங்க. இங்க குடாவுக்குள்ள அலை சின்னன், நெஞ்சளவு தண்ணியிலதான் நிப்பாட்டுவன். எங்கட உம்மாவும் என்னைக் கடலுக்குள்ள விடல்ல. நானும் இருவது வயசிலதான் பழகின.”

இந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவர். முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்று தட்டிக் கொடுக்கவும் இல்லை. இன்னதை முடித்துவிட்டு வா என்றார். கணவன் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னான். “உம்மாங்கறாங்களே, முஸ்லிமா?” என்றான். “நெஞ்சளவு தண்ணிங்கறாங்களே, அதக் கேட்டியா?” என்றேன்.

மறுநாள் பயண அலுவலகத்தைக் கூப்பிட்டு, பழையபடி அறுகம் குடாவுக்கே மாற்றச் சொன்னேன்.

“சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திடறேன் மேடம்” என்றார் அந்த ஆள்.

“சார் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. ஆனா அவர் பேச மாட்டாரு.”

கணவன் நிஜமாகவே பேசவில்லை. வாயில் இட்லி இருந்தது.

மாசி மாதத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் நான் கடலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. என்னோடு கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் கரையில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். “நீங்களும் எறங்குங்களேன்” என்று ஒருத்தரிடம் சொன்னேன். “ஐயோ, எனக்கு எதுக்குங்க இந்த வயசுல?” என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் ஜாஸ்தி இருக்கும்.

முதல் வாரம் குளத்தின் ஓரக் கம்பியை விடவே இல்லை. பயிற்சி கொடுக்கும் அம்மா மேலே நின்று விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “டீச்சர், கம்பிய நாங்க நல்லா பதிச்சிருக்கோம், நீங்க புடிக்கலைன்னாலும் அது விழாது” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டால் காதில் ஒரு இரைச்சல் கேட்டது. ஆறு வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது கேட்ட இரைச்சல் அது இல்லை என்று எனக்கு அறிவால் தெரியும். உடம்புக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. இருபத்தேழு வயதில், பட்டம் வாங்கியவள், குட்டிப் பிள்ளைகள் நடுவில் தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டு நின்றபோது எனக்கு அவமானமாக இல்லை. ஆத்திரமாக இருந்தது. இது எட்டு வயதில், வீட்டுப் பின்பக்கத்தில், சும்மா கிடைத்திருக்க வேண்டியது.

ஐந்தாம் வாரம் அம்மா போன் செய்தாள்.

“இன்னாடி செய்யிற நீ? ஊரே பேசுது. நீ தண்ணியில எறங்கறேன்னு. ஒங்கண்ணன் வலையில நேத்து ஒரு கூடை தேறல.”

“நான் எறங்கறது கடலூர்ல குளத்துலம்மா. அதுல மருந்து போட்டிருக்காங்க. அதுல மீனே கெடையாது.”

“எல்லாம் தண்ணிதான்டி.”

“அப்ப நீ தலைக்கு ஊத்திக்கறதும் தண்ணிதான். அத நிறுத்து.”

“வாய் ஜாஸ்தி ஆயிடுச்சி ஒனக்கு. படிக்க வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

போனை வைத்துவிட்டாள். என்னைப் படிக்க வைக்க அவள் கூடை சுமந்த தெருக்கள் எனக்குத் தெரியும். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் அவளோடு நடந்திருக்கிறேன். அந்தப் படிப்புக்கு மனு எழுத மட்டும்தான் உரிமை உண்டா? அதை வைத்து என் உடம்பைப் பற்றி நான் ஒரு முடிவெடுத்தால் அது வாய் ஜாஸ்தியா? இதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அழுதால் நான் தோற்றுவிடுவேன்.

அந்த வாரமே மாமியாருக்கு நானே போன் செய்தேன். பங்குனியில் தாலி பிரித்துக் கோர்க்க நாள் பார்க்கச் சொல்லிவிட்டு, மே மாதம் இலங்கைக்குப் போகிறோம், கடலில் இறங்குவேன் என்றும் சொன்னேன். “அவனும் எறங்குவானா?” என்று கேட்டார். “எறங்குவாரு அத்தே.” “அவனுக்கு சின்னதுலேர்ந்து கடல்னா பயம்மா. நீ பாத்துக்க” என்றார். அந்த வீட்டில் எனக்கு எதிராக நிற்பார் என்று நான் தயாராகிப் போன ஒரே ஆள் அப்படிச் சொன்னதும், தயாராக வைத்திருந்த பதிலையெல்லாம் விட்டுவிட்டு ‘சரிங்க அத்தே’ என்றேன்.

எட்டாம் வாரம் குளத்தின் அந்தக் கரையைத் தொட்டேன். இருபத்தைந்து மீட்டர். நடுவில் நிற்கவில்லை. வேகம் ஒன்றும் இல்லை, ஆமைதான். விசில் அம்மா கைதட்டினார். ஈரக் கையோடே அறுகம் குடா அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ‘அப்ப வாங்க’ என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. வெளியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த கணவனிடம் காட்டினேன். அவன் அங்கேயே போனை எடுத்து டிக்கெட்டுக்குச் சொன்னான். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

டிக்கெட் வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரம் போய், யாரும் என்னைத் தெரியாத கரையில் இறங்கிவிட்டு, படத்தைப் பார்த்து ஊர் பேசட்டும் என்று திரும்பி வருவது திருட்டுத்தனமாகப் பட்டது.

சித்திரை பிறப்பதற்கு முந்தின ஞாயிறு. அந்தச் சமயத்தில் எங்கள் கடல் சாதுவாக இருக்கும். காலை எட்டு மணிக்குத் தேவனாம்பட்டினத்தில் படகுகள் வந்து நின்றிருந்தன, ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் கரையில் இருக்கும் நேரம். முழுக்கை பனியனும் கால்வரை இறுக்கமான பேண்ட்டுமாக நான் ஏலக் கூட்டத்தைத் தாண்டி நடந்தேன். கணவன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அண்ணன் வலையை உதறிக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. தண்ணீர் என் முழங்காலைத் தொட்டதும் புரிந்தது.

“மச்சான், இன்னா வேடிக்க பாக்கறீங்க? அவளக் கூப்புடுங்க!”

“நான் கூப்ட்டா வருவாளா மச்சான்? நீங்க கூப்ட்டுப் பாருங்க.”

ஏலம் நின்றுவிட்டது. “பாரேன், படிச்சவ போறா” என்று ஒரு குரல் கேட்டது. அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். கூப்பிடவில்லை. அண்ணன் வலையைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடிவந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி, கை எட்டுகிற தூரத்தில் நின்றான். திட்டிக்கொண்டே நின்றான்.

இடுப்பு. வயிறு. நெஞ்சு. குளம் மாதிரி இல்லை, காலுக்குக் கீழே மணல் நகர்ந்தது. ஒரு அலை எழும்பி வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்து அதற்குள் போனேன். மறுபக்கம் எழுந்தபோது வாயெல்லாம் உப்பு. அடுத்தது வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளும் போனேன்.